ஐந்து பாட்டில் ஐஸ்

கறுப்பு சாக்ஸின் ஜோடியைத் தேடி ஆபேல் பீரோவின் மூன்றாவது தட்டையும் கட்டிலின்மேல் கவிழ்த்தபோது, முன்னறையில் அவர் மனைவி இன்பம் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். பனியன்கள் விழுந்தன, கைக்குட்டைகள் விழுந்தன, பத்து வருஷத்துக்கு முன்னால் தொலைந்துபோன மூக்குக்கண்ணாடிகூட மன்னிப்புக் கேட்பதுபோல வந்து விழுந்தது. சாக்ஸ் வரவில்லை.

இடது காலில் ஒன்று ஏறியிருந்தது. வலது கால் வெறுமனே இருந்தது. மற்றதெல்லாம் தயார். கறுப்பு பேன்ட், வெள்ளைச் சட்டை, கல்யாணத்துக்குத் தைத்து, வயிறு வளர வளர இரண்டு தடவை பிரித்து அகலப்படுத்திய கோட்டு, முகம் பார்த்துச் சவரம் செய்துகொள்ளலாம் என்கிற மாதிரி துடைத்து வைத்த ஷூ. மணி பதினொன்று. நாலு மணிக்கு அடக்கம்.

"ஏதாச்சும் ஒரு சாக்ஸப் போட்டுக்குங்க டாடி. யாரு உங்க காலப் பாக்கப் போறாங்க?" என்றான் நிலைப்படியில் வந்து நின்ற மகன் நெல்வின். செய்தி கேட்டதும் பெங்களூரிலிருந்து மனைவி ஃபீபியோடு காரில் கிளம்பி வந்தவன். கண் இரண்டும் கோவைப்பழமாக இருந்தன.

"யாரு பாப்பாங்களா? கம்பெனி மொத்தமும் வருதுடா. ஆபித் பாஷா வர்றாரு."

ஆபேல் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்து நாலு வருஷம் ஜோடி பார்த்தவர். இடது ஷூவையும் வலது ஷூவையும் விளக்குக்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தோலின் நிறம் மயிரிழை மாறினாலும் தூக்கி எறிகிற வேலை. அவர் எறிந்ததையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டிருந்தால் கைலாசகிரிக்குப் பக்கத்தில் இன்னொரு மலை எழும்பி, அதன் உச்சியில் ஒரு கோயிலும் வந்திருக்கும். கல்யாண வீட்டுக்குப் போனால் மாப்பிள்ளையையும் பெண்ணையும் மேடையில் பார்த்துவிட்டு, "ஷேடு சேரலையே" என்று முணுமுணுத்து இன்பத்திடம் தொடையில் கிள்ளு வாங்குவார். ஆபித் பாஷா அவருக்கு மேனேஜர். ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் ஆபேல் பால் வாங்கப் போனால்கூட ஷூவும் சாக்ஸுமாகத்தான் போவார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டில் மார்ச் மாதத்திலிருந்து சாக்ஸ் தொலைந்துகொண்டிருந்தது. ஜோடியாகத் தொலைந்தாலும் பரவாயில்லை, திருடன் என்று மனசைத் தேற்றிக்கொள்ளலாம். ஒவ்வொரு ஜோடியிலும் ஒன்று போனது. ஒற்றைக்கால் திருடன் ஒருவன் ஊருக்குள் புகுந்திருக்கிறான் என்று போலீசில் எழுதிக் கொடுக்கவும் தயாராக இருந்தார். இன்பம்தான், "வயசானா அப்டித்தாங்க, எங்க வெச்சோம்னு தெரியாது" என்று சொல்லி அவரைப் பல தடவை உட்கார வைத்தாள். சொல்லிவிட்டுப் பின்பக்கம் போய்விடுவாள். முயல்களிடம்.

முயல்கள். ஆபேலுக்கு அந்த ஐந்து எழுத்தை நினைத்தாலே வயிற்றில் அடுப்பு பற்றிக்கொள்ளும்.

வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தாறு வருஷம் நர்சாக இருந்துவிட்டு இன்பம் ஓய்வு பெற்றபோது, இனிமேல் இவள் எனக்கு என்று ஆபேல் நம்பினார். அவ்வளவு காலமும் ஊரில் உள்ள காய்ச்சல்காரன், கால் முறிந்தவன், கல்லடைப்புக்காரன் எல்லாருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு, மிச்சம் மீதியைத்தான் அவர் அனுபவித்திருந்தார். அவள் வீட்டுக்கு வந்த அடுத்த மாதம் பள்ளிகொண்டா சந்தையிலிருந்து ஒரு ஜோடி முயல் வந்தது. நாலு வருஷத்தில் ஐந்தாக நின்றது. ஐந்தில் பெரியதற்கு அவள் வைத்த பெயர் ராஜா.

நாற்பத்தோரு வருஷக் குடித்தனத்தில் ஆபேலை அவள் 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். ஒருநாள், ஒருபொழுது, வாய் தவறிக்கூட ராஜா என்றதில்லை. பின்பக்கத்திலிருந்தோ நாளைக்கு முப்பது தடவை கேட்கும். "ராஜா, காதைக் காட்டு. ராஜா, தண்ணி குடிச்சியா? என் ராஜால்ல." ஆபேல் முன்னறையில் பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு எண்ணுவார். ஒருநாள் நாற்பத்தேழு வந்தது. அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்கவில்லை.

கோடை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். ஆம்பூர் கத்திரி வெயில் எப்படிப்பட்டது என்றால், பாலாற்று மணலில் கடலையைக் கொட்டிவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால் வறுத்த கடலையை அள்ளிக்கொண்டு போகலாம். முயலுக்கோ வேர்க்காது. உடம்புச் சூடு காது வழியாகத்தான் வெளியே போகவேண்டும். அதனால் இன்பம் பின்பக்கத்துப் புங்க மரத்து நிழலில் ஐந்து கூண்டுகளையும் வரிசையாகப் போட்டு, அதை ஒரு வார்டாகவே நடத்தினாள். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு, நாலு என்று ரவுண்ட்ஸ். கூண்டுக்குள்ளே ஆளுக்கொரு கடப்பாக்கல், அதன்மேல் தண்ணீர் தெளிப்பு. கூண்டின்மேல் நனைத்துப் பிழிந்த சாக்கு. பிறகு அந்த பாட்டில்கள். தண்ணீர் நிரப்பி உறைய வைத்த பாட்டில் கூண்டுக்கு ஒன்று. முயல் அதன்மேல் சாய்ந்துகொண்டு மகாராஜா மாதிரி கண்ணை மூடும். ஐந்து பாட்டில் கூண்டில் இருக்கும்போது இன்னொரு ஐந்து ஃப்ரீசரில் உறைந்துகொண்டிருக்கும். ஃப்ரீசரில் வேறெதற்கும் இடம் கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஆபேல் தம் பிறந்தநாளுக்குத் தாமே ஒரு பெரிய டப்பா ஐஸ்கிரீம் வாங்கிவந்தார். வைக்க இடமில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது உருகிப் பாயசமாகி மேஜையிலிருந்து சொட்டியது. "இனிமே அந்தப் பின்பக்கம் கால் வெச்சேன்னா என் பேரு ஆபேல் இல்ல" என்று அன்றைக்குச் சொன்னவர், இன்று வரை வைக்கவில்லை. வாசல் வழியாகச் சுற்றிப்போய்ப் பக்கவாட்டுச் சந்தில் இருக்கும் மோட்டார் சுவிட்சைப் போடுவாரே தவிர, பின்கதவைத் தாண்டமாட்டார்.

ஒரு தடவை காய்ச்சல் என்று படுத்தும் பார்த்தார். இன்பம் வந்து புறங்கையை அவர் நெற்றியில் வைத்தாள். குளிர்ந்த கை. அந்தக் கை அப்படியே இருக்கட்டும் என்று அவர் கண்ணை மூடினார். "நார்மல்" என்று சொல்லிவிட்டுக் கை போய்விட்டது. அதே புறங்கை ராஜாவின் காதில் கால்மணி நேரம் இருந்ததை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்தார்.

இப்போது அவளுக்கும் ஐஸ். கண்ணாடி மூடிக்குள் மல்லிகைச் சரமும் வெள்ளைச் சேலையுமாக அவள் ஜில்லென்று படுத்திருக்க, முயல்களுக்கும் நேற்று மத்தியானம் வரைக்கும் ஐஸ் கிடைத்திருக்க, அந்த வீட்டிலேயே வெயிலில் வேகிற உயிர் தான் ஒருவன்தான் என்று ஆபேலுக்குத் தோன்றியது.

அதற்கும் ஒரு முடிவு கட்டியிருந்தார். காலையில் அவர் செய்த முதல் போன் ஆயருக்கு. இரண்டாவது ஆபித் பாஷாவுக்கு. மூன்றாவது மேல்விஷாரத்தில் செல்லப்பிராணிக் கடை வைத்திருக்கும் சுஹேல் அகமதுவுக்கு. "ரெண்டு மணிக்கு வந்து அஞ்சையும் தூக்கினு போய்டு தம்பி. காசு வேணாம்."

"டாடி, இத ஒரு தடவ கேட்டுடுங்க" என்று நெல்வின் ஒரு தாளை நீட்டினான். அடக்க ஆராதனையில் வாசிக்க வேண்டிய வாழ்க்கைக் குறிப்பு. ஆபேல் ஒற்றைச் சாக்ஸோடு கட்டிலில் உட்கார்ந்தார்.

நெல்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தான். பிறந்தது, படித்தது, நர்சானது. "ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் திரு. ஆபேல் அவர்களைக் கரம்பிடித்தார். பணி ஓய்வுக்குப் பின் ஐந்து முயல்களைத் தம் பிள்ளைகளைப்போல் பேணினார். கோடையின் கொடுமையிலிருந்து அவற்றைக் காக்கத் தம் உடல்நலத்தையும் பாராமல்..."

"நிறுத்து. என்னை எத்தினி வரியில போட்ட?"

"கரம்பிடித்தார்னு ஒரு வரி இருக்குதே டாடி."

"முயலு?"

நெல்வின் தாளைப் பார்த்து எண்ணினான். "நாலரை."

"அந்த அரைய எடுத்துடு."

முன்னறைக்கு வந்தால் அங்கேயும் அதே கதை. இன்பத்தோடு வேலை பார்த்த ராஜம்மாள் வேலூரிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். கண்ணாடி மூடியின்மேல் கையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ஆபேலிடம் திரும்பினாள். ஆறுதல் வரப்போகிறது என்று ஆபேல் தலையைக் குனிந்து அதை வாங்கிக்கொள்ளத் தயாரானார்.

"முயலுங்க எப்டி இருக்குது சார்? இன்பம் போன்ல எல்லாம் அதுங்க போட்டோவாத்தான் அனுப்பும்."

ஆபேல் தலையை நிமிர்த்திக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு அன்வரி பேகம் பின்கதவு வழியாக வந்தாள். பின்பக்கத்துச் சுவருக்கு அந்தப்புறம் குடியிருப்பவள். அவர்கள் வீடுகளில் அக்காவை ஆபா என்பார்கள். இன்பத்தை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள். இருவரும் சுவருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமுமாக நின்று மணிக்கணக்கில் பேசுவார்கள். என்ன பேசினீர்கள் என்று ஆபேல் கேட்டால், "ஒண்ணுமில்லங்க" என்பாள் இன்பம். ஒன்றுமில்லாததை ஒருமணி நேரம் எப்படிப் பேச முடியும் என்பது நாலு வருஷமாக அவருக்கு விளங்கவில்லை. முயல்களுக்கு அடுத்தபடி அவருடைய வயிற்றெரிச்சல் பட்டியலில் இருந்தது அந்தச் சுவர்.

"அண்ணே, பன்னெண்டு ஆச்சு. பாட்டில் வெக்கலியா? காலைல கீரை மட்டும் நான் போட்டேன். வெயிலு இன்னிக்கி ரொம்ப ஜாஸ்தியா இருக்கு."

"ரெண்டு மணிக்கு ஆள் வந்து தூக்கினு போயிடுவான். அதுவரிக்கும் இருக்கும், உட்டுடுங்க."

"தூக்கினு போறானா?" அவள் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "ஆபாவுக்குத் தெரியுமா?"

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே தெரிந்தது. இருவரும் ஐஸ் பெட்டியின் பக்கம் பார்க்காமல் நின்றார்கள். அதன் மோட்டார் மட்டும் உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவள் ஒரு மூலையில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு மணிக்கு ஆபேல் நாலாவது தட்டையும் முடித்திருந்தார். கட்டிலின்மேல் பதினாறு ஒற்றைச் சாக்ஸ்கள் விதவைகள் மாதிரி வரிசையாகக் கிடந்தன. பழுப்பில் ஒன்று, சாம்பலில் ஒன்று, கோடு போட்டதில் ஒன்று. கறுப்புக்குக் கறுப்பு இல்லை. கடைக்கு ஆளனுப்பலாம் என்றால் மே மாத ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எந்தக் கடை திறந்திருக்கும். "நாப்பத்தோரு வருஷத்துக்கு முன்னாடி இதே கறுப்பு சாக்ஸ் போட்டுத்தான் அவளக் கட்டினு வந்தேன்" என்று ஃபீபியிடம் சொன்னார். அதே சாக்ஸ் இல்லைதான். அந்தச் சமயத்தில் அப்படிச் சொன்னால்தான் விஷயத்தின் பாரம் மருமகளுக்குப் புரியும் என்று நினைத்தார்.

"அன்வரி ஆன்ட்டி, மாமாவோட கறுப்பு சாக்ஸ எங்கனா பாத்தீங்களா?" என்று ஃபீபி போகிறபோக்கில் கேட்டாள்.

"கறுப்பா? அது ராஜா கூண்டுல இருக்குதே" என்றாள் அன்வரி பேகம்.

ஆபேல் எழுந்தார். ஒரு காலில் சாக்ஸ், ஒரு கால் வெறும் கால், மேலே கோட்டு. பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டி, சமையலறையைத் தாண்டி, பின்கதவுக்கு வந்து ஒரு கணம் நின்றார். பிறகு தம் பெயர் ஆபேல் இல்லை என்று ஆனாலும் ஆகட்டும் என்று தாண்டினார்.

இரண்டு வருஷத்தில் பின்பக்கம் மாறியிருந்தது. புங்க மரம் கிளை விட்டுக் கூரைபோலக் கவிந்திருந்தது. கூண்டுகளின்மேல் சாக்குகள் காய்ந்து அப்பளமாக விறைத்துக் கிடந்தன. கடப்பாக்கற்கள் வெளுத்திருந்தன. ஐந்து முயல்களும் கைகால்களை நீட்டிப் போட்டு, வயிறு படபடவென்று ஏறி இறங்கக் கிடந்தன. காதுகள் சிவந்து, நரம்பு நரம்பாகத் தெரிந்தன. ஒவ்வொரு கூண்டிலும் நேற்று வைத்த பாட்டில் ஒன்று உருகி வெந்நீராகக் கிடந்தது. ஒவ்வொரு பாட்டிலும் சாக்ஸ் போட்டிருந்தது.

பழுப்பு. சாம்பல். கோடு போட்டது. போன வருஷம் கிறிஸ்துமஸுக்கு நெல்வின் வாங்கிக்கொடுத்தது. ராஜாவின் பாட்டிலில் கறுப்பு. கூண்டுகளுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் மிச்சம் பன்னிரண்டு மாற்று உடுப்பாகக் காத்திருந்தன.

ஆபேல் ராஜாவின் கூண்டுக்கு முன்னால் குனிந்தார். "என் சாக்ஸு" என்றார். "எங்கிட்ட மறதின்னு சொன்னா. அஞ்சு மாசமா நான் பைத்தியக்காரன் மாதிரி..." மார்ச்சிலிருந்து மே வரைக்கும் எண்ணினால் மூன்றுதான். ஆனால் கோபத்தில் யார் எண்ணுவார்கள். "ஒரு துணி கெடைக்கலியா அவளுக்கு? பழைய டவல் இருக்குது, பழைய சேலை இருக்குது. என் சாக்ஸத்தான் எடுக்கணுமா?"

"முன்னாடி டவல்தான் சுத்துவாங்க" என்றாள் பின்னாலேயே வந்திருந்த அன்வரி பேகம். "பிப்ரவரியில டாக்டர்கிட்ட போய்ட்டு வந்தாங்கல்ல. அதுக்கப்புறம்தான் சாக்ஸு."

"டாக்டருக்கும் சாக்ஸுக்கும் இன்னா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "உங்களுக்குச் சொல்லலியா?"

"பிரஷர்னு சொன்னா. மாத்திரை மாத்தினாங்கன்னு சொன்னா."

"ஹார்ட்டு ரொம்ப வீக்கா இருக்குதுன்னு சொல்ட்டாராம். எப்ப வேணா எப்டி வேணா ஆவலாம்னு. அந்தச் செவுத்துக்கிட்ட நின்னுதான் எங்கிட்ட சொன்னாங்க."

சுவர் வெயிலில் பளீரென்று நின்றது. ஆபேல் அதைப் பார்த்தார். நாலு வருஷம் முயல்களின்மேல் பட்ட எரிச்சலெல்லாம் ஒரு கடுகாகிப்போய், இந்த நாலடிச் சுவர் மலையாக எழுந்து நின்றது.

"உங்ககிட்ட சொன்னா. எங்கிட்ட சொல்லல."

"சொன்னா நீங்க சோறு சாப்ட மாட்டீங்கன்னாங்க அண்ணே. ராத்திரி தூங்கமாட்டீங்க, மூஞ்சியவே பாத்துனு உக்காந்திருப்பீங்கன்னாங்க."

ஆபேல் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"இதுங்களுக்கு மூக்குதான் எல்லாம்" என்றாள் அவள், கூண்டுகளைக் காட்டி. "நாளைக்கி நான் இல்லன்னா அவுருதானே கூண்டத் தொறக்கணும், அப்ப பயந்து நடுங்கக் கூடாது, இப்பவே அவுரு வாசனை பழகட்டும்னு சொல்லுவாங்க. நீங்க கழட்டிப் போட்டதும் தோய்க்காம அப்டியே எடுத்துனு வருவாங்க. நான் மூக்கப் பொத்திக்குவேன். ஆபா சிரிப்பாங்க."

"அதுல ஏன் ஒத்தை ஒத்தையா?"

"ஜோடியா எடுத்தா திருடன்னு போலீசுக்குப் போவீங்களாம். ஒத்தையா எடுத்தா மறதின்னு நம்ப வெச்சிடலாமாம்."

ராஜா மூச்சிரைக்கக் கிடந்தது. ஆபேல் கூண்டுக் கதவின் கொக்கியை எடுத்தார். கறுப்பு சாக்ஸை எடுத்துக்கொண்டு போவதற்குத்தான் எடுத்தார், அதில் சந்தேகமில்லை. மணி ஒன்றரை, ஆபித் பாஷா இரண்டரைக்கு வந்துவிடுவார். கையை உள்ளே விட்டார். ராஜா தலையைத் தூக்கியது. மூக்கு துடித்தது. வயிற்றை இழுத்துக்கொண்டு ஊர்ந்து வந்து, அவர் உள்ளங்கையில் மோவாயை வைத்துவிட்டு மறுபடியும் மூச்சு வாங்கியது.

"அல்லா" என்றாள் அன்வரி பேகம் மெதுவாக. "நாலு வருஷமா நான் கீரை போடுறேன். எங்கையத் தொடாது. நான் வந்தா மூலைக்கி ஓடும்."

ஆபேல் திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். அதில் ஒரு சாயல் ஓடி மறைந்தது. அது என்னவென்று அவருக்கு நன்றாகத் தெரியும். நாலு வருஷமாகச் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்த்துவந்தது.

புறங்கையை ராஜாவின் காதில் வைத்தார். தோசைக்கல்லில் கிடந்த தோசைத்திருப்பியாகச் சுட்டது.

"நார்மல் இல்ல" என்றார்.

உள்ளே வந்தார். ஃப்ரிட்ஜ் முன்னறையில், ஐஸ் பெட்டிக்கு ஆறடி தள்ளி இருந்தது. உட்கார்ந்திருந்தவர்களெல்லாம் பார்க்க ஃப்ரீசரைத் திறந்தார். ஐந்து பாட்டில்கள் வெள்ளை வெளேரென்று அடுக்கி இருந்தன. மூடிக்குக் கீழே நாலு விரற்கடை இடம் விட்டு, உறையும்போது வெடிக்காதபடி, அவள் நேற்று நிரப்பியவை. நாலு மணி ரவுண்ட்ஸுக்காக வைத்தவை.

நேற்று இரண்டு மணி ரவுண்ட்ஸ் முடித்து, கூண்டுகளைக் கழுவிவிட்டு வந்து ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தவள், நாலு மணி ஆகச் சற்று முன்னால் அவரைப் பார்த்து, "ஏங்க, கொஞ்சம் தண்ணி கொண்டாங்க" என்றாள். அவர் பேப்பரிலிருந்து தலை எடுக்கவில்லை. "ஃப்ரீசர்ல அஞ்சு பாட்டில் வெச்சிருக்கியே உன் ராஜாவுக்கு. அதுல ஒண்ண ஒடச்சிக் குடி." அவள் சிரித்தாள். அந்தப் பக்கத்தைப் படித்து முடித்துவிட்டு அவர் எழுந்து போய்ப் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வந்தபோது அவள் தலை சாய்ந்திருந்தது. டம்ளர் இன்னும் அவர் வைத்த ஜன்னல் விளிம்பில்தான் இருந்தது. யாரும் எடுக்கவில்லை, அவரும் யாரிடமும் சொல்லவில்லை.

ஐந்தையும் மார்போடு அணைத்துத் தூக்கினார். கோட்டு நனைந்தது.

"மாமா, அத வந்தவங்களுக்கு ஜூஸுக்கு உடைக்கலாம்னு நெனச்சேன்" என்றாள் ஃபீபி.

"வந்தவங்க பானைத் தண்ணி குடிப்பாங்க" என்று சொல்லிவிட்டு, பெட்டியைத் தாண்டும்போது நடையைக் கொஞ்சம் தளர்த்தி, பிறகு பின்பக்கம் போனார்.

பாட்டிலுக்கு சாக்ஸ் மாட்டுவது சின்னக் குழந்தைக்கு மாட்டுவது போலத்தான். முதலில் குதிகாலைத் திருப்பிக்கொள்ள வேண்டும். பழுப்புக்குப் பழுப்பு முயல், சாம்பலுக்குச் சாம்பல் முயல் என்று அவரையறியாமல் கை ஜோடி பார்த்தது. அன்வரி பேகம் பக்கெட்டில் சாக்கை முக்கிக்கொண்டே மேஸ்திரி வேலை பார்த்தாள். "நல்லா பிழிஞ்சிடுங்க, உள்ள சொட்டக் கூடாது. வடக்குப் பக்கம் மூடாதீங்கண்ணே, காத்து வரட்டும். காதுக்கு ஈரத்துணி போதும், தலையில தண்ணி ஊத்திடாதீங்க." ஆபேல் எல்லாவற்றையும் செய்தார். இரண்டு வருஷமாக ஜன்னல் வழியாகப் பொறாமையோடு பார்த்துப் பார்த்து, சாக்குக்குள்ளே மறைந்திருந்த சாக்ஸைத் தவிர, அவருக்கு ஏற்கெனவே எல்லாம் மனப்பாடமாக இருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு சுஹேல் அகமது பிளாஸ்டிக் கூடைகளோடு பக்கவாட்டுச் சந்தில் வந்து நின்றான். கோட்டு போட்டு, முழங்கை வரை ஈரமாக, ஒரு முயலின் காதைத் துடைத்துக்கொண்டிருந்த மனிதரைப் பார்த்துத் தயங்கினான்.

"சார், எடுத்துனு போவட்டா?"

"இப்பத்தான் பாட்டில் வெச்சிருக்கேன். எடுக்கக் கூடாது."

"அப்ப வெயில் தாழ்ந்ததும் வரட்டா?"

"வெயில் தாழ்ந்தா எதுக்கு எடுக்கணும்?"

சுஹேல் அன்வரி பேகத்தைப் பார்த்தான். அவள் பக்கெட்டைப் பார்த்தாள். அவன் கூடைகளைச் சுவரோரம் சாய்த்து வைத்துவிட்டு முன்பக்கம் போய், நாற்காலி போடுகிறவர்களோடு சேர்ந்துகொண்டான்.

மூன்றரைக்குக் கோயில் மணி அடித்தது. ஆபேல் ஷூவைக் கையில் எடுத்துக்கொண்டு பின்கதவில் வந்து நின்றார். ராஜா கறுப்பு சாக்ஸின்மேல் கன்னத்தை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. வயிறு இப்போது நிதானமாக ஏறி இறங்கியது. கூடையில் மிச்சம் இருந்த பன்னிரண்டில் கறுப்பு கிடையாது. ஆபேல் வலது ஷூவை வெறுங்காலில் மாட்டிக்கொண்டு கயிற்றை இறுக்கினார்.

கல்லறைத் தோட்டத்தில் கம்பெனி ஆட்கள் ஐம்பது பேர் நின்றார்கள். ஆபேல் பின்னாளில் இதைச் சொல்லும்போது ஐந்நூறு என்பார். நெல்வின் வாழ்க்கைக் குறிப்பை வாசித்தான். முயல்களுக்கு நாலு வரிதான் இருந்தது. ஆபேல் மகன் பக்கம் சாய்ந்து, "அந்த அரை எங்கடா?" என்றார். நெல்வின் ஒன்றும் புரியாமல் தாளைத் திருப்பிப் பார்த்தான்.

மண் போடக் குனிந்தபோது பேன்ட் மேலே ஏறியது. இடது காலில் கறுப்பு. வலது காலில் வெள்ளையாக நரைமயிர். நேர் எதிரே நின்ற ஆபித் பாஷா கீழே பார்த்தார். மூன்று பாக்டரிகளை ஒரு பார்வையில் நடுங்க வைத்த கண் அது. இடதைப் பார்த்தது, வலதைப் பார்த்தது, மறுபடி இடதைப் பார்த்தது. பாஸ் என்றும் சொல்லவில்லை, ரிஜெக்ட் என்றும் சொல்லவில்லை. குழியைச் சுற்றி வந்து ஆபேலின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, ஜெபம் முடிகிறவரைக்கும் விடாமல் நின்றார்.

வீட்டுக்குத் திரும்பியபோது ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். அது இருந்த இடத்தில் மொசைக் தரை மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது. ஃபீபி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆபேல் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். நாள் முழுதும் வேர்வையில் ஊறிய இடது சாக்ஸை உருவினார். துவைக்கிற வாளி குளியலறை வாசலில் இருந்தது. அதைத் தாண்டிப் போனார்.

வெயில் சுவருக்கு மேலே ஏறிப் போயிருந்தது. முயல்கள் எழுந்து கீரை தின்றுகொண்டிருந்தன. ஐந்து பாட்டில்களையும் எடுத்து, மூடிக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு நிரப்பி, உள்ளே கொண்டுபோய் ஃப்ரீசரில் அடுக்கிவிட்டுத் திரும்ப வந்தார். ராஜாவின் கூண்டைத் திறந்து, கடப்பாக்கல்லின்மேல் கிடந்த கறுப்பு சாக்ஸுக்குப் பக்கத்தில் கையிலிருந்ததையும் வைத்தார்.

பழக்கதோஷம், குனிந்து நிறம் பார்த்தார். இடது கன்னங்கரேலென்று இருந்தது. வலது, தண்ணீரும் வெயிலும் பட்டுப் பட்டு, சாம்பல் பூத்துப்போயிருந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் இப்படியொரு ஜோடியை அவர் பாஸ் என்று விட்டதில்லை.

கொக்கியை மாட்டினார்.